டொராண்டோ கொண்டோவின் தரைத்தளம்: கடை யார் கையில், கலை எந்தச் சுவரில்

டொராண்டோ டவுன்டவுனில் 60 மீட்டர் முகப்புள்ள ஒரு மனையில் 45 மாடிக் கொண்டோ (வீடுகளைத் தனித்தனியாக விற்கும் அடுக்ககம்) எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை அலுவலகத்தில் மாட்டியிருக்கும் படத்தில் தரைத்தளம் நெடுகக் கண்ணாடி, காபிக் கடை, வெளியே நாற்காலிகள், மூலையில் பளபளக்கும் ஒரு சிற்பம். கட்டட வரைபடத்தை விரித்தால் வேறு காட்சி. குடியிருப்போர் லாபிக்கு 9 மீட்டர். தீ விபத்தின்போது வெளியேறும் படிக்கட்டுகள் தெருவில் வந்து முடிய 4 மீட்டர். மின்மாற்றி அறைக்கும் எரிவாயு மீட்டருக்கும் 6 மீட்டர். பின்னால் சந்து இல்லாத மனையென்றால் நிலத்தடி பார்க்கிங்கின் சரிவுப்பாதையும் குப்பை லாரி வந்து நிற்கும் இடமும் முன்பக்கத்துக்கே வந்துவிடும். அதற்கு 11 மீட்டர். ‘ஜி’ வகை லோடிங் இடம் என்று நகரசபை கேட்பதே 4 மீட்டர் அகலம், 13 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் உயரம். கூட்டிக் கழித்தால் கடைக்கு மிஞ்சுவது 30 மீட்டர்.

கடைகளுக்கு முன்னுரிமை என்று நகரசபை குறித்துவைத்த தெருக்களில் முகப்பில் 60 விழுக்காடாவது கடைகளாக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 60 மீட்டருக்கு அது 36. ஆக, சந்து இல்லாத மனையில் தொடக்கத்திலேயே 6 மீட்டர் துண்டு விழுகிறது. அந்த ஆறு மீட்டரை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கடைக்கும் கலைக்குமான முதல் மோதல் தொடங்குகிறது. சிற்பம் வைக்கும் திறந்த மூலையை விழுங்கிக் கடையை நீட்டுகிறார்கள். அல்லது கடையைச் சுருக்கிச் சிற்பத்துக்கு முற்றம் விடுகிறார்கள். இரண்டும் தவறான இடத்தில் நடக்கும் பேரம் என்பது எங்கள் கருத்து. குறைக்க வேண்டியது லாபியை. 9 மீட்டர் லாபி விற்பனைப் படத்துக்கு அழகு. தினம் போய் வருகிறவர்களுக்கு 4 மீட்டர் வாசல் போதும், மீதியைக் கடைகளுக்குப் பின்னால் அகலப்படுத்திக்கொள்ளலாம். மின்மாற்றியையும் எரிவாயு மீட்டரையும் பக்கத் தெருவுக்குத் திருப்ப முடிகிறதா என்று மின் நிறுவனத்திடமும் எரிவாயு நிறுவனத்திடமும் முதல் வரைபடத்திலேயே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டால் பதில் ‘இல்லை’ என்றே வரும்.

கடையை விற்பதா, கையில் வைத்திருப்பதா

முடிவுகளில் கனமானது இதுதான். முன்விற்பனை ஆரவாரத்தில் யாரும் நின்று யோசிக்காததும் இதுதான்.

ஒரு வழி, கடைகளைத் தனித்தனிக் கொண்டோ யூனிட்களாகப் பிரித்து, வீடுகளைப் போலவே முன்கூட்டி விற்பது. கட்டுநருக்கு உடனே காசு. வங்கிக் கடனுக்கு அது கைகொடுக்கும். வாங்குகிறவர் பெரும்பாலும் கடை நடத்தப்போகிறவர் அல்ல, சேமிப்பை முடக்க இடம் தேடும் முதலீட்டாளர். பத்துக் கடைக்குப் பத்து முதலாளிகள். யாருக்கு வாடகைக்கு விடுவது என்று பத்துப் பேரும் தனித்தனியாக முடிவெடுப்பார்கள். ஒரே வரிசையில் மூன்று நகப்பூச்சு நிலையங்கள், இரண்டு பல் மருத்துவமனைகள், மீதி பூட்டிக் கிடக்கும் கண்ணாடி. பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்தால் ஒரு நல்ல உணவகம் வரும் என்ற நிலை வந்தாலும், அந்தப் பக்கத்துக் கடை யாரோ வெளியூர்க்காரருடையது. நடுச்சுவரை இடிக்கக் கொண்டோ நிர்வாகக் குழுவின் சம்மதமும் வேண்டும்.

இதற்கு யங் தெருவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2014-இல் முடிந்த 78 மாடி ஆரா கட்டடத்தின் நிலத்தடியில் சிறு சிறு கடைகளாகப் பிரித்துத் தனித்தனியாக விற்றார்கள். அவற்றில் பல நெடுங்காலம் காலியாகக் கிடந்தது செய்தித்தாள்கள் வரை வந்தது. அதே கட்டடத்தில் மேலே பிரிக்காமல் விட்ட பெரிய தளங்களுக்குப் பெரிய சங்கிலிக் கடைகள் வந்தன; ஒன்று போன இடத்தில் இன்னொன்று உட்கார்ந்தது; 2022 மே மாதம் ஐகியாவே வந்து கடை திறந்தது. ஒரே முகவரி, ஒரே தெரு, ஒரே ஜனக்கூட்டம். வேறுபட்டது இடத்தைக் கூறு போட்ட விதமும் தளமும்.

தனித்தனியாக விற்பது எங்குமே பலிக்காது என்று சொல்லிவிட முடியாது. மார்க்கமில் 1997-இல் திறந்த பசிபிக் மால் முழுக்கக் கொண்டோ கடைகள்தான். இன்றும் வார இறுதியில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஆனால் அங்கே வாங்கியவர்களில் பலர் தாங்களே கடை நடத்துகிறவர்கள், தேடி வரும் வாடிக்கையாளர் ஏற்கெனவே இருந்தார்கள், சுற்றிலும் பார்க்கிங் இருந்தது. டவுன்டவுன் கொண்டோவின் அடியில் இந்த மூன்றில் ஒன்று கிடைத்தாலே அதிகம்.

இன்னொரு வழி, கடைப் பகுதியை மட்டும், யூனிட் உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த கொண்டோ நிறுவனத்தில் சேர்க்காமல், மனையின் அந்தக் கனபரிமாணத்தைத் தனிச் சொத்தாகப் பிரித்து ஒரே உரிமையாளரிடம் வைத்திருப்பது. கட்டுநரே வைத்துக்கொள்ளலாம், கடைகளை நடத்தும் நிறுவனத்துக்கு மொத்தமாக விற்கலாம். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது என்று தீர்மானிக்க ஒரே மூளை இருக்கும். மூலையிலிருக்கும் ரொட்டிக் கடைக்கு வாடகையைக் குறைத்து, அதனால் வரும் கூட்டத்தைக் காட்டிப் பக்கத்து மருந்தகத்திடம் கூடுதலாகக் கேட்க முடியும். தனி யூனிட் முதலாளியால் அது முடியாது. ரொட்டிக் கடை இழுத்த கூட்டத்தின் லாபம் வேறொருவருக்குப் போகும்.

இதன் விலை, பொதுவசதி ஒப்பந்தம். லோடிங் இடம், தீயணைப்பு அமைப்பு, சரிவுப்பாதை, கூரை, நிலத்தடியின் நீர்புகாப் படலம் என ஒவ்வொன்றின் செலவிலும் கடைப்பகுதி எத்தனை பங்கு, வீடுகள் எத்தனை பங்கு என்று அதில் எழுத வேண்டும். வழக்கமாகச் சண்டை வருவது குப்பையில். வீட்டுக் குப்பையை நகரசபை எடுக்கும்; கடைக் குப்பைக்குத் தனியார் லாரி. இரண்டும் ஒரே லோடிங் இடத்துக்கு வரும். எந்த நேரம் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் காலை ஏழு மணிக்கு உணவகத்தின் காய்கறி வண்டியும் குடியிருப்பவரின் வீட்டுச்சாமான் வண்டியும் எதிரெதிரே நிற்கும். கடைக்குத் தனிக் குப்பை அறை வேண்டும். மீன், இறைச்சி விற்பவர் வரக்கூடும் என்றால் அது குளிரூட்டிய அறையாக இருக்க வேண்டும்.

ஒரு காபிக் கடையின் கணக்கு

மேலே ஐந்நூறு வீடு இருக்கிறதே, கடைக்கு வியாபாரமா இல்லாமல் போகும் என்று கேட்பவர்களுக்காக. 600 சதுர அடிக் கடை. அடிக்கு வருடம் 45 டாலர் அடிப்படை வாடகை, அதன்மேல் வரி, பராமரிப்பு, காப்புறுதி சேர்ந்த ‘டிஎம்ஐ’ 25 டாலர் என்று உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். மொத்தம் வருடத்துக்கு 42,000 டாலர். டிஎம்ஐ இவ்வளவு கனப்பதற்குக் காரணம், டொராண்டோவில் வணிகச் சொத்தின் வரி விகிதம் வீட்டு விகிதத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். கடைவீதிச் சங்கம் உள்ள பகுதியென்றால் அதன் வசூலும் சேரும். உலகின் முதல் கடைவீதிச் சங்கம் 1970-இல் இதே ஊரின் புளூர் வெஸ்ட் வில்லேஜில் தொடங்கியது என்பதால் இங்கே அது நன்றாக வேரூன்றியிருக்கிறது.

உணவுக் கடையில் வாடகை, விற்பனையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மூச்சு முட்டும். அப்படியென்றால் வருட விற்பனை 4,20,000 டாலர். நாளுக்கு 1,150. ஒரு பில் சராசரி 8 டாலர் என்றால் தினமும் 144 பில், பனிப்புயல் நாளிலும் கிறிஸ்துமஸ் அன்றும் சேர்த்து. ஐந்நூறு வீட்டில் எண்ணூற்றைம்பது பேர் இருக்கலாம். அவர்களில் தினமும் பத்துக்கு ஒருவர் இறங்கி வந்து வாங்கினாலும் 85 பில். மீதி அறுபது பேர் தெருவிலிருந்து வர வேண்டும். கட்டடம் தன் கடையைத் தானே காப்பாற்றாது. அதனால்தான் நடைபாதையில் ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத் தெருவில் கடை வைக்கச் சொல்லி எந்தத் திட்டவிதி கேட்டாலும் நாங்கள் எதிர்த்துப் பேசுவோம்.

வரைபடத்தில் தோற்கும் கடைகள்

கடை காலியாகக் கிடக்க வாடகை மட்டும் காரணமில்லை. பாதிக்கு மேல், வாடகைக்கு எடுக்க வந்தவர் உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிப் போன கதைதான்.

முதலில் தரை மட்டம். 60 மீட்டர் நீளத்தில் தெரு 2 விழுக்காடு சரிந்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 1.2 மீட்டர் வித்தியாசம். தளத்தை ஒரே சமமாக ஊற்றிவிட்டால் ஒரு முனையில் கடை நடைபாதைக்கு மேலே, மறுமுனையில் கீழே. சக்கர நாற்காலி ஏற உள்ளே சரிவுப்பலகை கட்ட வேண்டும்; அது சிறு கடையின் முன்பக்கத்தை அப்படியே தின்றுவிடும். 15 மீட்டருக்கு ஒரு முறை 30 சென்டிமீட்டர் படி இறக்கித் தளத்தை ஊற்றினால் ஒவ்வொரு வாசலும் நடைபாதையோடு ஏறக்குறைய ஒட்டிவரும். ஆனால் அந்தப் படி, கீழே பார்க்கிங்கின் உயரத்தில் இடிக்கும். ஆகவே நிலத்தடி வரைபடம் முடியுமுன் சொல்லியாக வேண்டும்.

அடுத்து உயரம். நகர விதி கேட்கும் 4.5 மீட்டர், தளத்துக்குத் தளம் அளந்த கணக்கு. மேலே குறுகலான கோபுரம், கீழே அகலமான கடை என்பதால் மேலிருந்து வரும் சுவர்களின் பாரத்தைத் தாங்கிப் பக்கவாட்டில் கடத்தக் கனத்த உத்தரங்கள் இடையில் வரும். அதற்குக் கீழே வீடுகளின் கழிவுக் குழாய்கள் திசை மாறும், காற்றுக் குழாய், தெளிப்பான். எல்லாம் போய்க் கடைக்காரருக்குக் கிடைப்பது 3 மீட்டருக்கும் குறைவு. 6 மீட்டர் கொடுத்த கட்டடங்களில் இந்தப் புலம்பலே இல்லை. கழிவுக் குழாயின் திருப்பங்களைக் கடைக்கு நேர் மேலே விடாமல் லாபிக்கோ நடைவழிக்கோ மேலே கொண்டுபோங்கள். ஒழுகினால் லாபியில் வாளி வைக்கலாம், புத்தகக் கடையில் வைக்க முடியாது.

மூன்றாவது, அடுப்புப் புகை. உணவகம் வர வேண்டுமென்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள், புகை போகும் வழியை மறந்துவிடுகிறார்கள். வணிகச் சமையலறையின் எண்ணெய்ப் புகைக்கு 16 கேஜ் இரும்பிலோ 18 கேஜ் ஸ்டெயின்லெஸ் எஃகிலோ கசிவில்லாமல் பற்றவைத்த தனிக்குழாய் வேண்டும். தீத்தடுப்பு உறையும் வேண்டும். உறையோடு சேர்த்து 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் என்றால் ஒவ்வொரு மாடியிலும் 1.44 சதுர மீட்டர் போகும். 45 மாடிக்கு ஏறக்குறைய 65 சதுர மீட்டர், அதாவது 700 சதுர அடி: விற்கக்கூடிய ஒரு வீட்டின் பரப்பு. அதை இழக்க மனமில்லாத கட்டுநர் புகையைக் கோபுரத்தின் அடியிலுள்ள அகலமான கீழ்த்தட்டின் கூரையில் வெளியேற்றுவார். அங்கே நிலைமின்னூட்டத்தால் எண்ணெய்த் துளிகளைப் பிடிக்கும் வடிகட்டியும், வாடையைப் பிடிக்கும் கரித்தூள் வடிகட்டியும் கொண்ட சுத்திகரிப்புப் பெட்டி வைக்கலாம். சரியாகக் கழுவி மாற்றினால் வேலை செய்யும். ஆனால் கரி வடிகட்டியின் விலையைப் பார்த்து மாற்றுவதை வாடகைதாரர் தள்ளிப்போடுவார், ஐந்தாம் மாடி பால்கனியில் வெங்காயம் தாளிக்கும் வாசம் வரும், புகார் வரும், பிறகு நிர்வாகக் குழு உணவகமே கூடாதென்று விதி போடும். கோபுரம் நெடுகக் குழாய்வழி விட மனமில்லையென்றால், சுத்திகரிப்புப் பெட்டியின் பராமரிப்பைக் கட்டட உரிமையாளரே செய்து செலவை வாடகையோடு வசூலிப்பது ஒன்றே நடைமுறை.

நான்காவது, கிரீஸ். கடையின் கழிவுக் குழாய் கீழே வெப்பமில்லாத பார்க்கிங்கின் கூரையில் தொங்கிக்கொண்டு போகும். ஜனவரியில் அதற்குள் கொழுப்பு உறைந்து அடைத்துக்கொள்ளும். குழாயில் வெப்பநாடா சுற்றி அதன்மேல் காப்புறை போட வேண்டும். கிரீஸ் பிடிக்கும் தொட்டியை அடுக்களைக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும். கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லாரியின் குழாய் எட்டும் இடமாகவும் அது இருக்க வேண்டும்.

கடையின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 6 முதல் 7.5 மீட்டர் அகலம், 15 முதல் 18 மீட்டர் ஆழம், நடுவில் எடுத்துவிடக்கூடிய சுவர். மளிகைக் கடை போன்ற பெரிய வாடகைதாரரை மாடிக்கோ நிலத்தடிக்கோ அனுப்பி, தெருவில் அவருக்கு வாசல் மட்டும் கொடுங்கள். தெருவிலேயே இடம் கொடுத்தால் 30 மீட்டர் கண்ணாடிக்கும் படம் ஒட்டி மறைத்துவிடுவார், உள்ளே அலமாரிகளின் முதுகுதான் இருக்கும். கண்ணாடியை மறைக்கக் கூடாது என்று லீஸில் எழுதுவது ஒரு வரிதான். எழுதாதவர்கள் பிறகு நகரசபையைத் திட்டுகிறார்கள்.

கடையே வேண்டாம் என்றால்

வான்கூவர் காட்டிய வழி இது. யேல்டவுனிலும், 1986 எக்ஸ்போ நடந்த நிலத்தில் எழுந்த ஃபால்ஸ் க்ரீக் வடகரையிலும் கோபுரத்தின் காலடியில் தெருவைப் பார்த்த வரிசை வீடுகளை வைத்தார்கள். தரையிலிருந்து நான்கைந்து படி ஏறினால் தனி வாசல், சிறு திண்ணை, செடித்தொட்டி. நடைபாதையில் போகிறவரின் கண்ணும் உள்ளே சோபாவில் இருப்பவரின் கண்ணும் ஒரே மட்டத்தில் சந்திக்காதபடி அந்த உயரம். நல்ல ஏற்பாடு. உடனே விற்கும், காலியாகக் கிடக்காது, புகைக்குழாய் வேண்டாம். பக்கத் தெருவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வோம்.

யங், குயின், கிங் போன்ற தெருக்களில் இது ஆகாது. டிராமோ கூட்டமோ ஓயாத தெருவில் தரைத்தள வீட்டுக்காரர் வருடம் முழுவதும் திரைச்சீலையை இழுத்து மூடியே வைப்பார். தெருவுக்கு அது இன்னொரு சுவர். வீடும் கடையும் சேர்ந்த ‘லிவ்-வொர்க்’ யூனிட்டை நடுவழியாகப் பலர் சொல்வதுண்டு. சில வருடத்தில் எல்லாம் வீடாகிவிடும். விட்டுவிடுங்கள்.

கலைக்கான காசு

டொராண்டோவில் பல்லாண்டு நடந்த முறை, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களிடம் மொத்தக் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைப் பொதுக்கலைக்குக் கேட்டு வாங்குவது. மண்டல மாற்ற அனுமதியின்போது, அதாவது மனையில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதியை மாற்றித் தரும்போது, பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிடுவார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த ஒண்டாரியோ சட்டம் அந்தப் பேரத்தை எடுத்துவிட்டு, நில மதிப்பில் அதிகபட்சம் 4 விழுக்காடு என்ற சமூகநலக் கட்டணத்தைக் கொண்டுவந்தது. பழைய ஒப்பந்தங்கள் அப்படியே ஓடுகின்றன. புதிய கட்டடங்களில் கலை, குழந்தைக் காப்பகம், சமூகக் கூடம் என எல்லாமே அந்த 4 விழுக்காட்டுக்குள் இடம்பிடிக்க வேண்டும். நகரசபை ஒப்புக்கொண்டால் பணத்துக்குப் பதிலாகக் கலையாகவே செய்து கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். கலை இனி தானாக வந்து சேராது, யாராவது கேட்க வேண்டும் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள்.

கையில் இருக்கும் தெரிவுகள்: மனையிலேயே வைப்பது, பணத்தை நகரசபையின் பொதுத்தொகுப்பில் கட்டிவிடுவது, இரண்டையும் கலப்பது. வான்கூவரில் ஒரு லட்சம் சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மண்டல மாற்றங்களுக்குச் சதுர அடிக்கு 1.98 டாலர் என்ற விகிதம் நடைமுறையில் இருந்தது. தானே வைக்காமல் நகரிடம் பணமாகக் கட்டுபவர் 80 விழுக்காடு கட்டினால் போதும் என்ற சலுகையும் இருந்தது. அந்த 20 விழுக்காடு பெரிய ஆசை காட்டும். ஆசைப்படலாமா என்பது மனையைப் பொறுத்தது.

கட்டுமானச் செலவு 12 கோடி டாலர் என்றால் கலைக்கு 12 லட்சம். பராமரிப்பு நிதிக்குப் பத்தில் ஒன்று, ஆலோசகர், நடுவர் குழு, போட்டிச் செலவுக்குப் பத்தில் ஒன்று என ஒதுக்குவது வழக்கம். மிச்சம் 9,60,000. அதிலேயே கலைஞரின் ஊதியம், பொறியாளர் முத்திரை, தயாரிப்பு, லாரி, கிரேன், காப்புறுதி, வரி, எதிர்பாராச் செலவு எல்லாம். தயாரிப்புக்கு ஐந்தாறு லட்சம் நின்றால் நல்ல நிர்வாகம். ஒரு நல்ல படைப்புக்கு அது போதும். அதே தொகையை நான்கு மூலைக்கு நான்கு என்று பிரித்தால் நான்கு அலங்காரப் பொருள்கள் கிடைக்கும். 30 மீட்டர் முகப்பும் முற்றமே இல்லாத மனையும் என்றால் தொகுப்பில் கட்டிவிடுவதே மேல். டொராண்டோவின் கொண்டோ கோபுரப் பகுதியான சிட்டிபிளேஸில் கோபுரத்துக்கு ஒன்று என்று சிதறடிக்காமல் பூங்காவில் கொண்டுபோய் வைத்த, கலைஞர் டக்ளஸ் கூப்லண்டின் பெரிய சிவப்புப் படகும் தூண்டில் மிதவைகளும் அந்தப் பகுதியின் அடையாளமாகிவிட்டன. குழந்தைகள் படகில் ஏறி நின்று விரைவுச்சாலையை எட்டிப் பார்க்கிறார்கள்.

எங்கே வைப்பது

கடை வாசலுக்கு எதிரே வைக்காதீர்கள். வாடகைதாரரின் வழக்கறிஞர் லீஸில் முதலில் கேட்பதே பெயர்ப்பலகை தெருவிலிருந்து மறையக் கூடாது என்பதைத்தான். கட்டடத்துக்கும் தெரு விளிம்புக்கும் இடையே நகரசபை கேட்கும் 6 மீட்டரில் மரம், சைக்கிள் கம்பி, உணவகத்தின் வெளி நாற்காலி, நடப்பவர் எல்லோரும் இருக்கிறார்கள். நடுவில் இரண்டு மீட்டர் பீடம் வந்தால் முதலில் போவது நாற்காலிதான்.

கலைக்கு ஏற்ற இடம், கடையால் ஒன்றும் செய்ய முடியாத இடம்: லோடிங் கதவு, பார்க்கிங் காற்றுப்போக்கியின் கம்பிவலை, சந்துப் பக்கச் சுவர், நடுவழிப் பாதையின் கூரை. டொராண்டோவின் மேம்பாலத்தடிப் பூங்காவில் பால் ராஃப் 2012-இல் கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகுத் தகடுகளை மேலே பதித்தார். இருட்டுக் கூரை கீழே நடப்பவர்களைத் திருப்பிக் காட்டுகிறது. வான்கூவர் ஹவுஸ் கட்டடத்தின் பங்காக கிரான்வில் பாலத்தின் அடியில் 2019-இல் தொங்கவிட்ட ராட்னி கிரஹாமின் சுழலும் சரவிளக்கு 48 லட்சம் டாலர். வீட்டு வாடகை எகிறும் ஊரில் பாலத்தடியில் சரவிளக்கா என்று எழுந்த கோபம் நியாயமானது. இடத்தேர்வு என்ற அளவில் மட்டும் பார்த்தால், வேறெதற்கும் உதவாத பாலத்தடியைப் பிடித்தது சரி.

மூலையில் வைத்துப் பலித்ததும் உண்டு. டொராண்டோவில் பாதர்ஸ்ட், ஃப்ளீட் தெருக்களின் சந்திப்பில் ஒரு கொண்டோவின் முனையில் 2008 முதல் நிற்கும் கூப்லண்டின் 1812 போர்ச் சின்னம் (அமெரிக்காவுக்கும் பிரிட்டிஷ் தரப்புக்கும் நடந்த போர்), பொம்மைச் சிப்பாய்கள் இருவர்: ஒருவர் பொன்னிறம், நிற்கிறார், மற்றவர் வெள்ளி நிறம், விழுந்து கிடக்கிறார். அந்தப் போரில் சண்டை நடந்த ஃபோர்ட் யார்க் கூப்பிடு தூரம். டிராமில் போகிறவர்கூட ஒரு நொடியில் புரிந்துகொள்வார். யங் தெருவின் தென்கோடியில் டாம் ஆட்டர்னெஸ்ஸின் வெண்கலக் குடியேறிக் குடும்பம் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் குழந்தைகள் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். தொடக்கூடிய பொருளும் தூரத்திலிருந்து புரியும் பொருளும் தெருவில் பிழைக்கின்றன. விளக்கப் பலகை படித்தால்தான் புரியும் பொருளுக்கு லாபியே போதும்.

கட்டுமானத்தில் பிழை நடப்பது பெரும்பாலும் அடியில். டொராண்டோவில் உறைபனி இறங்கும் ஆழம் 1.2 மீட்டர் என்று கலைஞர் அடித்தளம் வரைந்துகொண்டு வருவார். அங்கே மண்ணே இல்லை, பார்க்கிங்கின் கூரைதான் இருக்கிறது. சிற்பத்தின் பாரம் நேராகத் தூணின் மேல் இறங்க வேண்டும். அந்தத் தூண் எங்கே என்பது கலைஞர் தேர்வாவதற்கு இரண்டு வருடம் முன்பே முடிவாகியிருக்கும். ஆகவே கட்டமைப்புப் பொறியாளரிடம் ‘இந்த இரண்டு தூண்களின் மேல் இவ்வளவு டன் கூடுதலாக’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிற்பாடு யார் வந்தாலும் இடமிருக்கும். அந்தக் கூரையின் நீர்புகாப் படலத்தை இருபது முப்பது வருடத்துக்கு ஒருமுறை உரித்து மாற்றுவார்கள். ஆணியடித்துக் கான்கிரீட்டில் புதைத்த சிற்பத்தை அன்றைக்கு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். படலத்துக்கு மேலே எழுப்பிய குட்டைத்தூணில் போல்ட் போட்டு, கழற்றித் தூக்கும் கொக்கியோடு செய்யச் சொல்லுங்கள்.

எஃகென்றால் 316 ரகம். சாலை உப்பு தெறிக்கிற ஊரில் 304 ரகம் சில குளிர்காலத்திலேயே தேநீர்க்கறைபோல் பழுத்துவிடும். ஏப்ரலில் நன்னீரால் கழுவ வேண்டும். அதற்கு வெளிச்சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும். உட்குழிவான வடிவத்தில் நீர் வடியத் துளை இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும். சாய்ந்த தகட்டிலிருந்து பனிக்கட்டி நடைபாதையில் விழும். விளக்குப் படைப்பென்றால் எல்இடியைவிட அதன் மின்வழங்கிதான் முதலில் சாகும். ஏணியில்லாமல் எட்டும் அறைக்குள் அதை வையுங்கள், உதிரி வாங்கி வையுங்கள். கணினித் திரையில் ஓடும் படைப்பை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை. பத்து வருடம் கழித்து மென்பொருள் தெரிந்த ஆள் இருக்கமாட்டார், நிர்வாகக் குழு சுவிட்சை அணைத்துவிடும்.

பொறுப்பு யாருடையது? கட்டுநர் கட்டி முடித்துப் போய்விடுவார். கலை கொண்டோ நிறுவனத்தின் பொதுச்சொத்தாகி, அதைக் காப்பது வீட்டுக்காரர்களின் கடமையாகிவிடும். பராமரிப்பு நிதியைக் கைமாற்றும் நாளில் தனிக்கணக்காகவே ஒப்படைக்கச் செய்யுங்கள். கலைஞரின் தார்மிக உரிமையையும், அதாவது தன் படைப்பைச் சிதைக்கக் கூடாதென்று கேட்கும் உரிமையையும், மறக்க வேண்டாம். ஈட்டன் சென்டரில் தொங்கும் மைக்கேல் ஸ்நோவின் வாத்துக் கூட்டத்துக்குக் கிறிஸ்துமஸ் ரிப்பன் கட்டியதற்கு எதிராக அவர் வழக்குப் போட்டு 1982-இல் ஜெயித்தார்; ரிப்பனை அவிழ்க்க உத்தரவானது. இடம் மாற்றுவது மட்டும் கனடா சட்டப்படி சிதைப்பு ஆகாது. வண்ணம் மாற்றுவது, பாகம் கழற்றுவது, மேலே விளம்பரம் கட்டுவது சிக்கலில் கொண்டுபோய் விடும்.

எந்த மனைக்கு எது

சந்துள்ள, பெரிய தெரு முனை மனை: கடைப்பகுதி ஒரே கையில், ஆறேழு சிறு கடைகள், பெரிய வாடகைதாரர் மாடியில், கலை சந்துச் சுவரிலும் லோடிங் கதவிலும். குறுகிய நடுமனை: இரண்டு கடை, புகைக்குழாய் ஒன்று, கலைப்பணம் தொகுப்புக்கு. பக்கத் தெரு: வரிசை வீடு, அதில் ஒரு முனையில் மட்டும் கடை. பெரிய முற்றம் விட்டே ஆக வேண்டிய மனைக்கு மட்டும் முற்றத்துச் சிற்பம், அதுவும் கைக்கெட்டும் உயரத்தில்.

இவ்வளவுக்குப் பிறகும் தனிக்கடை யூனிட் ஒன்றை வாங்குவதென்றே முடிவெடுப்பவர் முன்பணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை சில. கொண்டோவின் அடிப்படை ஆவணமான பிரகடனத்தில் என்ன தொழிலுக்குத் தடை, உணவகத்துக்கு அனுமதி உண்டா. அதன் ‘டி’ அட்டவணையில் உங்கள் யூனிட்டின் பொதுச்செலவு விழுக்காடு எவ்வளவு, நீச்சல்குளத்துக்கும் ஜிம்முக்கும் நீங்கள் பங்கு கட்டுகிறீர்களா. புகைக்குழாய்வழியில் உங்களுக்கு எழுதப்பட்ட உரிமை இருக்கிறதா, மின் இணைப்பு 200 ஆம்பியர் மூன்று ஃபேஸா. புது வீடு வாங்குபவருக்குள்ள டாரியன் உத்தரவாதம் (ஒண்டாரியோவின் புதுவீட்டுக் குறைபாட்டுப் பாதுகாப்பு) கடைக்குக் கிடையாது என்பதால், குறைபாட்டைச் சரிசெய்து தரும் பொறுப்பு ஒப்பந்தத்தில் எந்த வரியில் இருக்கிறது. ஏற்கெனவே குடிபுகுந்த கட்டடமென்றால் கொண்டோ நிறுவனத்திடம் 100 டாலர் கட்டி நிலைச் சான்றிதழ் கேளுங்கள். பத்து நாளில் தர வேண்டும். அதில் சேமநிதியின் நிலையையும் வழக்குகளையும் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மாலை கட்டடத்துக்கு எதிரே நின்று உங்கள் கதவைத் தாண்டிப் போகிறவர்களை ஒரு மணி நேரம் எண்ணுங்கள்.